இரண்டு டம்ளரில் ஊறிய ரப்பர் ஷீட்

தக்கலையில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு அந்தக் கார் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. காருக்கு முன்னால் அதன் நாற்றம் வந்துவிட்டது. கருகிய பிரேக் பேடின் நாற்றம் ஒன்று. அதற்கு அடியில் இன்னொன்று, புகை போட்ட ரப்பர் ஷீட்டின் நாற்றம். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் மெலிதாகப் புகை வந்தது. ஓட்டி வந்த சுகுமாரன் சார் இறங்கினார். புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து இரண்டு முறை சாத்திக் காட்டி, மகளிடம் பேசுவதுபோல என்னிடம் கேட்டார்.

“சத்தம் கேட்டியா மக்களே? ஃபாரின் வண்டி மாதிரி இல்லியா?”

டிப்ளமோ முடித்து சர்வீஸ் அட்வைசராக வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியை வாங்கி, குறையைக் கேட்டு, ஜாப் கார்டில் எழுதி, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டு வெளியே விடுவது அட்வைசரின் வேலை. மூன்று வருடம் வண்டிக்கு அடியில் கிடந்த பிறகுதான் எனக்கு இந்த நாற்காலி கிடைத்தது. வீட்டிலேயே வண்டி வேலை பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லாமல் கொண்டுவருகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். அவர்களிடம் ஸ்பேனர் செட் இருக்கும். போனில் வீடியோ இருக்கும். வண்டியோடு வந்த மேனுவல் மட்டும் டேஷ்போர்டுக்குள் கவர் கிழிக்காமல் கிடக்கும்.

சுகுமாரன் சாருக்குக் குலசேகரத்துக்கு மேலே நான்கு ஏக்கர் ரப்பர். மழையில் பால் வெட்டு நின்றதும் அவர் கைக்கு வேலை இல்லாமல் போனது. கார் அகப்பட்டது. அன்று நான் கார்டில் எழுதிய பட்டியல்:

1. முன்சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர்கள் மேல் சிவப்பு பிளாஸ்டிக் மூடி, பசை போட்டு ஒட்டியது. ரேஸ் கார் போலத் தெரிவதற்காம். சூட்டில் உருகி ஒருபக்கம் தொங்குகிறது.

2. ஹெட்லைட்டில் இரண்டு மடங்கு வாட்ஸ் பல்பு. கூடுதல் கரன்டைத் தாங்கும் ரிலே கிடையாது. ஹோல்டர் கருகத் தொடங்கிவிட்டது.

3. பிரஷர் ஹாரன். அதை அடிக்க கியர் லிவருக்குப் பக்கத்தில் வீட்டுக் காலிங்பெல் ஸ்விட்ச்.

4. நான்கு கதவுக்குள்ளும் டிக்கியிலும் சவுண்ட் புரூஃபிங். சொந்தத் தோட்டத்து ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார். கதவின் அடியில் மழைநீர் வடிகிற ஓட்டைகளும் அதில் அடைபட்டு, கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறது.

ஃபாரின் வண்டியில் தண்ணீர் சலசலக்குமா என்று கேட்க வாய் வந்தது. குறை என்ன என்று மட்டும் கேட்டேன்.

“பிரேக் கொஞ்சம் புடிக்கு. காத்த எடுத்து ப்ளீட் பண்ணித் தந்தா போதும்,” என்றார். “வேற ஒண்ணையும் தொடாண்டாம். எல்லாம் நான் செஞ்சாச்சு.”

“பிரேக்குல என்ன செஞ்சீங்க சார்?”

“டேஷ்ல லைட் எரிஞ்சு. டப்பாவத் தொறந்தா கொறவா இருந்து. நெறச்சேன். அவ்வளவுதான்.”

“எதை வச்சு நெறச்சீங்க?”

“எனக்க பைக்குக்கு ஊத்துகிய இன்ஜின் ஆயில். நல்ல கம்பெனி சாதனமாக்கும்.”

பிரேக் ஃப்ளூயிட் இருக்கும் டப்பாவின் மூடியைத் திறந்தேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் அப்பளம் போல நெளிந்து வீங்கியிருந்தது. மறுபடி அதன் இடத்தில் உட்கார மறுத்தது. சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டேன். பிரேக் ஃப்ளூயிட் தண்ணீரோடு கலந்துவிடும். இது மேலே மிதந்து படலமாகப் பரவியது. எங்கள் மெக்கானிக் ஷாஜி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“தள்ளே! மனுசன் பிரேக்கத் தாளிச்சு விட்டிருக்காரு.”

சாரிடம் விளக்கினேன். பிரேக் முழுக்க ரப்பர் சீல்கள் இருக்கின்றன. அவை பிரேக் ஃப்ளூயிடைத் தாங்கும், இன்ஜின் ஆயிலைத் தாங்காது. வீங்கிவிடும். வீங்கினால் பிடித்த பிரேக் விடாது, சக்கரம் சூடாகும். இன்னும் ஓட்டினால் ஒருநாள் பிடிக்கவே பிடிக்காது. அந்த வழியில் இருக்கும் ரப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டும். ப்ளீட் பண்ணினால் தீராது.

அவர் சிரித்தார். “நாப்பது வருசமா ரப்பருக்க கூடக் கெடக்கியவன் நான். எண்ணெயில வீங்குமாம்! ஒனக்க புக்ல அப்பிடிப் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு சார்.”

“அப்பம் புக்கத் திருத்தச் சொல்லு.”

இதற்குள் சக்கரங்கள் ஆறிவிட்டன. ஆறியதும் சீல் கொஞ்சம் தளர்ந்து பிரேக் விட்டுவிட்டது. இந்தக் கோளாறின் மோசமான குணம் இதுதான். மேனேஜர் ஜஸ்டின் சார் வண்டியை எடுத்துச் சமதள ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். சுகுமாரன் சார் சொல்லித்தான் குலசேகரம் பக்கத்துப் பாதி வண்டிகள் எங்களிடம் வருகின்றன. மேனேஜருக்கு அது மறக்குமா?

“புடிக்கு, விடுகு. பின்ன என்ன? அவரு பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டு விட்டுரு பிள்ளே.”

சாரின் மனைவி லேகா டீச்சர் தினமும் அந்தக் காரில்தான் இறக்கம் இறங்கித் திருவட்டாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். பின்சீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். திங்கட்கிழமை காலையில் அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கப்போவது சாரும் இல்லை, மேனேஜரும் இல்லை.

“சார்கிட்ட எழுதி வாங்கலாம்,” என்றேன். “டீச்சர்கிட்ட ஆரு எழுதி வாங்குவா?”

கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். சாவி என் யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருந்தது. ஜஸ்டின் சார் என்னைத் தனியாக நிறுத்தினார்.

“திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள காட்டித் தா. நீ சொன்னது பொய்யாப் போச்சுன்னா, ரிசப்ஷன்ல போய் இருந்து போன எடு. கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசவாவது படிப்ப.”

டிப்ளமோ படித்த பெண் கடைசியில் போய்ச் சேரும் இடம் ரிசப்ஷன் என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. டிக்கியிலிருந்து சுகுமாரன் சாருடைய ரப்பர் ஷீட்டில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டினேன். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் பிரேக் ஃப்ளூயிட், இன்னொன்றில் இன்ஜின் ஆயில் ஊற்றினேன். சார் பார்க்கப் பார்க்க டம்ளருக்கொரு துண்டைப் போட்டேன்.

“இது யாருக்க ஷீட்டு சார்?”

“எனக்க ஷீட்டு. ஒண்ணாங் கிரேடு.”

“திங்கக்கெழம வந்து நீங்களே கிரேடு பாருங்க.”

“கார் வச்சிருக்கியவன் பஸ்ல போறேன்,” என்றார் ஊருக்கே கேட்கிற மாதிரி. “வழியில வாசிக்க அந்தப் புக்கையும் தாறியா?”

திங்கட்கிழமை கணவனும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். டீச்சர் லீவு போட்டிருந்தார். பிரேக் ஃப்ளூயிடில் கிடந்த துண்டு போட்டபடியே இருந்தது. ஆயிலில் கிடந்தது பருத்து, கொழகொழத்து, டம்ளரின் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தது. சுகுமாரன் சார் அதை இரண்டு விரலால் எடுத்தார். ஷீட்டைத் தரம் பார்க்கிறவர்கள் செய்வதுபோல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். லேசாக இழுத்தார். கையோடு பிய்ந்து வந்தது.

“இது போச்சு,” என்றார். நாற்பது வருட அனுபவம் இரண்டே சொல்லில் முடிந்தது.

டீச்சர் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

“பெடலு கல்லு மாதிரி இருக்குன்னு வியாழக்கெழமயே சொன்னேன். ‘ஒனக்க செருப்பு சரியில்ல’ன்னு சொன்னிய. நான் கடைக்குப் போயி புதுச் செருப்பு வாங்கினேன்.” காலை முன்னால் நீட்டிக் காட்டினார். “இந்தா, இதான் அந்தச் செருப்பு.”

ஷாஜி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு டயருக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கும் உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். அது நீடிக்கவில்லை. டீச்சர் பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். மூன்று மாதத்துக்கு முந்திய சர்வீஸின் ஜாப் கார்டு.

“இது ஒனக்க கையெழுத்துதானே மக்களே?”

என்னுடையதுதான். அதற்கு மேலே என் கையெழுத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி. பிரேக் ஃப்ளூயிட் லோ. பேட்ஸ் வோர்ன். கஸ்டமர் அட்வைஸ்டு.

“நான் இங்கிலீஷ்தான் எடுக்கேன். பேட் தேஞ்சிருக்கு, கஸ்டமர்கிட்ட சொல்லியாச்சுன்னு எழுதியிருக்க. ஆருகிட்ட சொன்ன?”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல,” என்றார் சார். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது. அதில் பொய்யும் இல்லை.

அந்த சர்வீஸ் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுகுமாரன் சார் ரேடியேட்டருக்குக் கூலன்ட் எப்படி ஊற்றுவது என்று கால் மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முழுக்கத் தவறு. இந்த மனிதரிடம் எதைச் சொன்னாலும் ஏறாது என்று முடிவு கட்டினேன். கார்டை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினேன். பேட் தேய்ந்தால் டப்பாவில் ஃப்ளூயிட் இறங்கும், லைட் எரியும். அந்த லைட்டைப் பார்த்துத்தான் அவர் ஆயில் கேனைத் தூக்கினார். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவே இல்லையே.

“சொல்லல்ல டீச்சர்,” என்றேன். ஜஸ்டின் சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“செரி,” என்றார் டீச்சர், கார்டை மடித்தபடி. “அவரு வீடியோவப் பாத்து ஊத்தினாரு. நீ அவருக்க மொகத்தப் பாத்து எழுதின. எடையில காரு ஓட்டினது நானாக்கும்.”

மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல்கள், பின்சக்கர சிலிண்டர்கள், ஹோஸ்கள், பேடுகள் எல்லாம் மாற்றி, பைப்புகளைக் கழுவி முடிக்கப் புதன்கிழமை ஆனது. கழற்றிய சீல்கள் ஊறிய வடை போல இருந்தன. அவற்றை ஒரு கவரில் போட்டு டீச்சர் கையில் கொடுத்தேன். ரிசப்ஷன் பேச்சை ஜஸ்டின் சார் பிறகு எடுக்கவில்லை. பாராட்டவும் இல்லை. அதுதான் சரி.

வீட்டு மெக்கானிக்குகளைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. வைப்பர் பிளேடு மாற்றுங்கள், டயருக்குக் காற்றுப் பாருங்கள், வண்டியைக் கழுவுங்கள். பிரேக், ஸ்டியரிங், வயரிங் மூன்றிலும் கை வைக்காதீர்கள். மாறியது என் வேலை முறை. கார்டைத் தமிழில் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, வந்தவரைத் திருப்பிச் சொல்லவைக்கிறேன். “இது என்ன பள்ளிக்கூடமா?” என்று எரிச்சல்படாதவர்கள் குறைவு. எரிச்சல்படட்டும்.

போன மாதம் சுகுமாரன் சார் சர்வீஸுக்கு வந்தார். நான் வாசிக்க வாசிக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி விரலை நகர்த்தினார். கடைசியான ஏழாவது வரிக்கு நான் வருவதற்குள் போன் அடித்தது. பேசி முடித்து கார்டை நீட்டினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

“ஏழாவத நீ சொல்லல்லியே மக்களே.”

சொன்னேன். “கதவுக்குள்ள இருக்கிய ரப்பர் ஷீட்ட எடுக்கணும் சார். தண்ணி தங்கி, தகரம் துருப்பிடிக்கும்.”

“அது மட்டும் நடக்காது,” என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குக் கீழே ‘சொல்லப்பட்டது’ என்று எழுதி, நானும் போட்டேன்.