மாஜோங் தாளில் ஒரு பாலம்

எங்களுக்குக் குரல் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகளை ஒட்டி இருக்கும் எங்கள் அடுக்குமாடியில் எதற்கு வேண்டுமானாலும் பஞ்சம் வரும், குரலுக்கு மட்டும் வராது. மூன்றாம் மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் கீழ்த்தளத்தில் பஞ்சாயத்து முடிந்துவிடும். இது தெரியாமல் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய வண்ணப் பேனாக்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். தமிழ்ப்பெண்தான். வணக்கம் வரைக்கும் சரளமான தமிழ், அதற்குப் பிறகு ஆங்கிலம். அதனால் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னைப் பிடித்தார்கள். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, ‘சமூக ஒருங்கிணைப்பாளர்’ என்றார்கள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் அட்டையைக் கழற்றவில்லை. அதோடேயே மார்க்கெட்டுக்கும் போய் வந்தேன்.

அவர்கள் செய்வதற்குப் பெயர் பங்கேற்புக் கலைவழி ஆய்வு. கேள்வித்தாளை நீட்டாமல், மக்களையே வரையவும் நடிக்கவும் வைத்து அவர்கள் பிரச்சினையை அவர்களே எடுத்துவைக்கச் செய்வது. அதனால் சமூகம் வலுப்பெறுமாம். யோசனையில் குற்றமில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகம். வலுப்பெறுவதற்கு முதல்படியாக எங்களை வட்டமாக உட்காரவைத்து ஒரு நூல்கண்டை ஒருவர்மேல் ஒருவர் எறியச் சொன்னார்கள். நூல் யாரிடம் வருகிறதோ அவர், தான் ஒரு விலங்காக இருந்தால் என்ன விலங்கு என்று சொல்ல வேண்டும். பேரன் பேத்தி எடுத்த பெண்கள் வெட்கத்தோடு புறா என்றார்கள், மயில் என்றார்கள். என் எதிர்வீட்டுக்காரி முறை வந்தது.

“மாடு. வேற என்ன?” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். விரிவுரையாளர் “ஆழமான பதில்” என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். ஏன் மாடு என்று கேட்கத் தோன்றவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எதிர்வீட்டுக்காரி சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். இனிப்புநீர் வியாதியில் ஒரு காலும் இரண்டு கிட்னியும் போய்ச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அதற்குக் கூட்டிப்போகும் வேன் உள்ளே வராது, பின்பக்கத்துப் பெரிய சாலையில்தான் நிற்கும். எங்களுக்கும் அந்தச் சாலைக்கும் நடுவே ஆள் ஆழத்துக்கு ஒரு லோங்காங், மழைநீர் ஓடும் கால்வாய். அதன்மேல் யாரோ கழற்றிப் போட்ட பழைய வீட்டுக் கதவு ஒன்று கிடக்கிறது. அதுதான் வழி. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரைமணி நேரம் நாற்காலியைத் தள்ள வேண்டும். அவள் முதலில் நாற்காலியை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். பிறகு அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒற்றைக் காலால் அந்தக் கதவின்மேல் தத்தித் தத்திக் கடக்கவைப்பாள். மழை பெய்தால் கதவு வழுக்கும். என்றாவது ஒருநாள் இருவரும் உள்ளே விழுவார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ஒரு பாலம் வேண்டும். அந்த நூல்கண்டுக் கூத்துக்கெல்லாம் அவள் வந்து உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அடுத்த சனிக்கிழமை தரையில் மாஜோங் தாளை விரித்தார்கள். கூட்டங்களில் சுவரில் ஒட்டி எழுதுவார்களே, அந்தப் பெரிய வெள்ளைத் தாள். உங்கள் இடத்தை நீங்கள் பார்க்கிறபடி வரையுங்கள் என்றார்கள். எழுந்து பத்தடி நடந்தால் அந்த இடத்தையே பார்க்கலாம். வெயில் என்பதால் ஒருவரும் எழவில்லை.

எதிர்வீட்டுக்காரி கறுப்புப் பேனாவை எடுத்து லோங்காங்கை வரைந்தாள். அதன்மேல் கதவு. கதவின் கைப்பிடியைக்கூட விடவில்லை. ஓரத்தில் புருஷனை வரைந்து, அவருக்குக் கீழே நாற்காலிச் சக்கரம் ஒன்றைப் போட்டாள். சின்னப்பிள்ளை கிறுக்கியது போலத்தான் இருந்தது. 

அந்த நேரம் பார்த்து விரிவுரையாளர், இந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கண்காட்சி வைக்கப்போவதாகவும், சாலை, கால்வாய்க்கெல்லாம் பொறுப்பான அதிகாரியே வந்து திறந்துவைப்பார் என்றும் அறிவித்தார். எனக்குள் இருந்த சமூக ஒருங்கிணைப்பாளர் விழித்துக்கொண்டாள்.

“என்னம்மா இது? பெரிய ஆளுங்க வராங்க. கதவு மேல நடந்து போறோம்னு காட்டி மானத்த வாங்குறியா?”

“அதான அக்கா உண்மை?”

“உண்மைதான் லா. அதுக்குன்னு? வீட்டுக்கு ஆளு வந்தா கூட்டாமயா வுடுவோம்? பாலம் வேணும்னா பாலத்தயே போடு. பாத்தா அவங்களுக்குப் புரியும்.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் நீலப் பேனாவை எடுத்துக் கதவின்மேல் கனமாக ஒரு பாலத்தை இழுத்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி. மற்றப் பெண்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒருத்தி பாலத்தில் பூந்தொட்டி வைத்தாள், இன்னொருத்தி லோங்காங்கில் மீன் விட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒற்றைச் சக்கரம் கண்ணை உறுத்தியது. பக்கத்தில் இன்னொரு சக்கரத்தைப் போட்டு அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டேன்.

விரிவுரையாளர் நெஞ்சில் கைவைத்து, “எவ்வளவு நம்பிக்கை!” என்றார். அவருடைய உதவியாளர்கள் நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார்கள்.

கண்காட்சிக்கு அதிகாரி பாத்திக் சட்டையில் வந்தார். ரிப்பன் வெட்டினார், கரிபாப்பைக் கடித்துக்கொண்டே சுவரைச் சுற்றி வந்தார். எதிர்வீட்டுக்காரி புருஷனைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தாள். எனக்காகக் காத்திருக்காமல் அவளே போய், பின்பக்கம் ஒரு பாலம் வேண்டும் என்று மலாயில் கேட்டாள். அவர் கரிபாப் பிடித்த கையாலேயே படத்தைக் காட்டிச் சிரித்தார். பாலம்தான் இருக்கிறதே, அதுவும் இவ்வளவு அழகாக, நீங்களே வரைந்ததுதானே என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விரிவுரையாளரும் பார்த்தார். நான்தான் வரைந்தேன், அங்கே பாலமே கிடையாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு வரவில்லை.

“பழைய பாலம்தான். கொஞ்சம் மோசமா போச்சு” என்று மலாயில் இழுத்தேன்.

அதிகாரி உடனே உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு வேலையாட்கள் நீலப் பெயிண்ட் டின்களோடு வந்து பாலம் எங்கே என்று கேட்டார்கள். கதவைக் காட்டினேன். ஒருவன் “அலமாக்” என்று தலையில் கைவைத்தான். கொண்டுவந்த பெயிண்டைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்று குப்பைத்தொட்டி அறையின் சுவருக்கு அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் அடுக்குமாடி வலுப்பெற்றது அவ்வளவுதான்.

வெட்கத்தை விட்டு விரிவுரையாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். படத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரியின் அலுவலகத்துக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அது உங்க சமூகத்தோட குரல் ஆன்ட்டி. அதுல நாங்க கை வெக்கக் கூடாது” என்றார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நல்ல தமிழில் சொன்னார்.

பிறகு நானே அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அங்கே ஏற்கெனவே பாலம் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாளும் எதிர்வீட்டுக்காரியின் புருஷனை அந்தக் கதவைக் கடக்கவைக்க நானும் போகிறேன். முதல் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி முன்னால் பின்பக்கமாக நடந்து அவர் கைகளைப் பிடித்திருந்தாள், நான் பின்னால் இடுப்பைத் தாங்கினேன். பாதிவழியில் கதவு ஒரு பக்கம் அமுங்கியது. மூவரும் அப்படியே நின்றோம். கீழே தண்ணீர் வேகமாக ஓடியது.  கண்காட்சி நாளிலிருந்தே அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர்தான் மூச்சு வாங்கத் தலையை லேசாகத் திருப்பினார்.

“அக்கா,” என்றார், “என் சைக்கிள எங்க வெச்சீங்க?”