மஞ்சத்தண்ணிக்கு மறுநாள்

காலை எட்டு, இரவு எட்டு. பதினோரு வருஷமாகச் சுமதியின் நாள் இந்த இரண்டு மணிகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. எம்.ரெட்டியபட்டிப் பருத்திக்காட்டில் நின்றாலும் செல்போன் மணி அடிக்கும். வீட்டுக்குப் பேசி, "மாத்திரை போட்டியாத்தா?" என்று கேட்ட பிறகே அடுத்த செடிக்குக் கை போகும்.

மகள் பிரவீணா பித்தக்குழாய் அடைத்துப் பிறந்தவள். மூன்றாம் மாதம் செய்த ஆபரேஷன் ஐந்து வருஷம்தான் தாங்கியது. பிறகு சுமதியின் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி அவளுக்கு வைத்தார்கள்.

"உடம்பு அதை என்னைக்குமே அந்நியமாத்தான் பார்க்கும். மாத்திரைதான் சமாதானப்படுத்தி வைக்குது. ஒரு வேளைகூட விட்டுறாதீங்க" என்றார் டாக்டர். "இது கெட்டா நீங்க மறுபடி கொடுக்க முடியாது. பாப்பாவோட அப்பா ரத்தமும் சேரலை."

இந்தப் பங்குனியில், பிழைத்துக் கிடந்ததற்காக ஊர் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாகப் பிரவீணாவே நேர்ந்துகொண்டாள். காப்புக் கட்டிய எட்டு நாளும் பகலில் வெறும் தண்ணீர், பொழுது சாய்ந்தபின் ஒரு வேளைச் சோறு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போமா என்று சுமதிக்குத் தோன்றியது. சாமி காரியத்தைப் போய் டாக்டரிடம் கேட்பதா என்று விட்டுவிட்டாள். மணி அடித்தபோதெல்லாம் மகளைத்தான் கேட்டாள். "போட்டுட்டேம்மா" என்றே பதில் வந்தது.

கடைசி நாள் மஞ்சள்நீராட்டு. அண்ணன் மகன் அருண்பாண்டியன் வாளியோடு வந்து நின்றான்.

"ஏத்தே, ஒம்மகளை ஒளிச்சு வச்சா விட்ருவனா? மொறைக்காரன் ஊத்தாம வேற யாரு ஊத்துவா?"

"ஊத்துடா, ஊத்து! போன வருசம் ஒம் மண்டையில வாளியக் கவுத்தாளே, மறந்துபோச்சா?"

இந்த வருஷம் பிரவீணா ஓடக்கூட இல்லை. சுவரைப் பிடித்தபடி நின்று வாங்கிக்கொண்டாள். விரதக் களைப்பு என்று நினைத்தாள் சுமதி. மகள் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். மஞ்சள் காய்ந்து அரிக்கிறது என்றாள். ஊரே மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளுக்கு நடுவில் அவள் தனியாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் மகளுக்கு முதுகு தேய்த்துவிட்டாள் சுமதி. இரண்டு தரம் சோப்புப் போட்டாள். தண்ணீர் தெளிந்து ஓடியது. நிறம் போகவில்லை. மகளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கண்ணின் வெள்ளைக்குள் மஞ்சத்தண்ணி போகாது.

மாத்திரை டப்பாவைத் திறந்தாள். எட்டு நாளின் காலை மாத்திரைகளும் அப்படியே இருந்தன.

"வெரதத்துல பகல்ல வாயில எதும் போடக்கூடாதுல்லம்மா. ராத்திரி மட்டும் போட்டேன். ஆத்தா பாத்துக்கிருவான்னு..." பிரவீணாவின் குரல் இறங்கியது. "ரெண்டு நாளா ஒண்ணுக்கும் காப்பி நெறத்துல போகுதும்மா."

ஆஸ்பத்திரியில் போனை எடுத்த நர்ஸ் வேறெதுவும் கேட்கவில்லை. "உடனே கிளம்பி வாங்க. ரத்தம் எடுக்குற வரைக்கும் காலை மாத்திரை குடுக்காதீங்க. ரத்தத்துல மருந்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கணும்."

மதுரை பஸ்ஸில் பிரவீணா ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். வெளியே உழவு காணாத கரிசல் ஓடியது. காரியாபட்டி நெருங்கும்போது கேட்டாள்.

"கெட்டுப்போச்சுன்னா நீ இன்னொரு துண்டு தருவேல்லம்மா?"

சுமதி வாயைத் திறப்பதற்குள் செல்போனில் எட்டு மணி அடித்தது. பழக்கத்தில் பிரவீணா கையை நீட்டினாள். சுமதி அந்தக் கையில் எதையும் வைக்கவில்லை. மணியை மட்டும் அணைத்தாள்.