‘மலையாளம்’ என்றால் வடக்கே திருப்பு

“கொடைக்கானல்ல இருமுனாலும் கோட்டயத்துல தும்முனாலும், இந்தக் கை ஆன்டெனாவுல பட்டா படம் வந்தே தீரும். இன்னைவரைக்கும் தப்புனதில்ல!”

பிழைப்புக்குக் குமுளி ஜீப் ஓட்டினாலும், கூடலூர் ஜெய்லானி தம் உத்தியோகமாகக் கருதியது இதைத்தான். சாயங்காலம் ஆறரைக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடி ஏறிவிடுவார். கீழே டிவிக்கு முன்னால் அவர் மனைவி அம்சத் பீவியும் தெருவில் பாதிப்பேரும்.

மாடிக்கும் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை மூன்றே சொற்களில். “புள்ளி” என்றால் திரையில் படமில்லை, வெறும் புள்ளிதான்; லேசாக ஆட்ட வேண்டும். “தமிழ்” என்றால் மூச்சு விடக்கூடாது. மலைக்காற்று ஆன்டெனாக் குழாயை மேற்கே தள்ளிவிட்டால் “மலையாளம் வந்துருச்சு!” என்று கூச்சல் எழும், உடனே வடக்கே ஒரு திருப்பு. நெல்லுக்கு உரம், செய்தி, நாடகம், வெள்ளிக்கிழமைப் பாட்டு என்று பத்து வருஷ நிகழ்ச்சிகளையும் அவர் காதால்தான் பார்த்தார். செய்தி வாசிக்கும் அம்மாளுக்கு மூக்குத்தி உண்டா இல்லையா என்று தெருவே இரண்டுபட்டபோது, நடுநிலை வகித்த ஒரே மனிதர் அவர்.

“ஏண்ணே, ஒரு நாளாச்சும் எறங்கி வந்து பாத்தா என்ன?” என்பாள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி.

“நான் எறங்குனா நீங்க புள்ளிய எண்ணிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்.”

தொண்ணூற்றேழில் ஒரு வியாழக்கிழமை மட்டும் இறங்குவதாக இருந்தார். கோட்டயத்தில் நர்சிங் படிக்கும் மகள் சாஜிதா, கல்லூரிப் பெண்களோடு மலையாள நிகழ்ச்சியில் பாடுகிறாள். ஏழு மணிக்கு, ஒரே பாட்டு. குழாயை மேற்கே திருப்பி, கயிறு போட்டுக் கட்டிவிட்டு, முன்வரிசையில் உட்காருவதாகத் திட்டம். சலவைச் சட்டைகூடப் போட்டிருந்தார்.

திருப்பினார். “புள்ளி!” ஆட்டினார். “புள்ளி!” மணி ஏழு. இன்னும் ஒரு நூல் நகர்த்தினார்.

திரையில் சாஜிதா! அம்சத் பீவிக்குச் சந்தோஷத்தில் வேறு வார்த்தை வரவில்லை. “ஏங்க, மலையாளம் வந்துருச்சு!” என்று அலறினாள். கூடவே தெருவும் கத்தியது: “மலையாளம்! மலையாளம்!”

பத்து வருஷப் பழக்கம் மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா நிற்கும்? வடக்கே ஒரு திருப்பு. கீழே கணீரென்று தமிழ்ச் செய்தி.

“அட பாவி மனுசா! புள்ள போயிட்டாளே!”

மறுபடி மேற்கைப் பிடித்தபோது, ரப்பர் மரத்தில் பால் வடிப்பது எப்படி என்று ஒருவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். ஜெய்லானி சலவைச் சட்டையோடு இறங்கிவந்து அதை முழுதும் பார்த்தார்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்கு போன் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஓடினார்கள். அவர்தான் முந்தி எடுத்தார்.

“அத்தா, பாத்தீகளா?”

“பாத்தேன் தாயி. கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

“அப்ப, நான் எந்தப் பக்கம் நின்னேன், சொல்லுங்க?”

ஜெய்லானி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, அம்சத் பீவியின் காதில் வைத்தார்.