கீறல் விழாத எஞ்சின்

புது ரப்பரும் கிறீஸும் கலந்த வாசம் ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி அறையிலிருந்து வரும். கற்பிட்டிக் கரையோரம், நான் பத்தாம் வகுப்பில் இருந்த காலம். தொழினுட்பப் பாடத்துக்கென்று படகு எஞ்சின் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பள்ளி அதிபர் அதை மரத்தாங்கியில் பூட்டிப் படம் எடுத்துவிட்டு, அறையையும் பூட்டித் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பெரிய மனிதர் யாராவது வந்து நாடா வெட்டும்வரை எவரும் அதை இயக்கக் கூடாதாம். நாடா வெட்ட ஒருவரும் வரவில்லை.

பக்கத்து அறையில் எஞ்சின் நிற்க, நாங்கள் கரும்பலகையைப் பார்த்து அதன் படத்தைக் கொப்பியில் கீறி, நிறம் தீட்டி, அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தோம். மற்றப் பாடங்கள் எனக்கு ஏறவில்லை. ஆண்டு முடிவில் வலயக் கல்வி அதிகாரி வந்து வைக்கும் செய்முறைத் தேர்வில் தேறினால் பாடச் சான்றிதழும், அதைக் காட்டிப் புத்தளத்தில் எஞ்சின் திருத்தும் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். தேறாவிட்டால் வாப்பாவோடு கடலுக்குப் போக வேண்டியதுதான்.

புதன்கிழமைகளில் மட்டும், துடைப்பதற்காக, அந்த அறை திறக்கும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார் அதிபர். மலைநாட்டில் பிறந்த அவருக்கு எங்கள் பள்ளிக் கிணறு உவர் என்பது தேநீர் குடிக்கும்போது மட்டும்தான் நினைவுக்கு வரும். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீர்ப் 'பரல்' பீப்பாயில் இறக்கி ஓடவிட்டு உப்பைக் கழுவும் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கோ அந்தத் துணியின் உப்பு உள்ளே இறங்கி என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சொன்னால் துடைப்பதையும் நிறுத்திவிடுவார், பிறகு அதைத் தொடக்கூட வழியிருக்காது.

பெற்றோர் கூட்டத்தில் வாப்பா எழுந்து சொன்னார்: "சேர், கிழமைக்கு ஒருக்கா சரி ஓட உடுங்க. சும்மா நிண்டா கடல்காத்து திண்டுரும்."

"பிள்ளைகள் கை வைத்தால் கீறல் விழும். இது அரசாங்கச் சாமான்" என்றார் அதிபர்.

வீடு வரும் வழியெல்லாம் வாப்பா பொருமினார்: "மாப்புள எடுத்து அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டிரிக்கான் இந்த மனிசன்!"

செய்முறை நாளும் வந்தது. "ஸ்டார்ட் பண்ணிக் காட்டு, தம்பி" என்றார் அதிகாரி. கயிற்றை இழுத்தேன். ஒரு விரற்கடை கூட அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தேன், தாங்கிதான் ஆடியது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஆணியெல்லாம் செந்துருப் பிடித்து ஊதிக் கிடந்தது.

"ஒரு கீறல் இல்ல, சேர்" என்றார் அதிபர், அப்போதும்.

"நல்லாத்தான் தொடச்சிரிக்கம்" என்று என் காதுக்குள் சொன்னான் கூட்டாளி நசார். எங்கள் பெயர்களுக்கு நேரே 'செய்யவில்லை' என்று எழுதிவிட்டு அதிகாரி வாகனத்தில் ஏறினார். அடுத்த கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

கடல் எனக்கு ஒத்துவரவில்லை. சிலாபம், நீர்கொழும்பு, திருகோணமலை என்று எஞ்சின் திருத்துகிற இடமெல்லாம் அலைந்து, கை பொசுங்கப் பொசுங்கத் தொழில் படித்தேன். என் கையில் உயிர் பெறாத எஞ்சின் குறைவு. 'சேட்டிபிக்கட்' கேட்ட இடங்களில் மட்டும் வாசலோடு திரும்பினேன்.

போன மாதம் ஊர் வந்தபோது அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூப்பிட்டார்கள். பழைய அறை இருந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. அந்த எஞ்சின் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். புது அதிபர், புது எஞ்சின்.

"எனக்குப் புத்தகம்தான் தெரியும், நானா. கிழமைக்கு ரெண்டு நாள் வந்து புள்ளயளுக்குக் காட்டிக் குடுங்களேன்" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டபடி இளம் ஆசிரியை படிவம் ஒன்றை நீட்டினார். அதன் மூன்றாம் வரி, தொழினுட்பப் பாடச் சான்றிதழின் பிரதியை இணைக்கச் சொன்னது.

"அது இல்லயே."

"இல்லாட்டி வலயத்துல ஏத்துக்க மாட்டாங்க, நானா."

"அப்ப இத ஆரு ஓட்டிக் காட்டுற?"

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளை எஞ்சினைத் தூக்கச் சொன்னேன். நாலு பேர் தூக்க, மற்றவர்கள் கத்திக்கொண்டு முன்னே ஓட, ஓட்டிக் காட்டக் கரைக்கு நடந்தோம். செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் பின்னால் வந்த ஆசிரியை, கரை வரும்வரை ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்: "அதிபருக்கு நான் என்ன சொல்றது, நானா?"