சிவத்த பூமரத்துக்கு வைத்தியம்

மலையுச்சிக் காட்டிலிருந்து ஒரு செடியைக் கீழே கொண்டுவர எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று என்னிடம் கேட்டால், அப்படி ஒரு படிவமே கிடையாது, அது குற்றம் என்று சொல்லுவேன். செடிகளுக்குச் சுகச் சான்றிதழ் கொடுக்கும் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இந்தச் சட்டமொன்றும் அறியாத எங்கள் மாமா, ஒரு பால்மா டின்னுக்குள் காட்டுச் செடி ஒன்றை வேரோடு வைத்து, லொறியின் முன் ஆசனத்தில் இருத்தித் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மாமா அம்மாவின் தம்பி. இங்கிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு மலைநாட்டில் நுவரெலியாவுக்குப் போய், கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு திரும்புவது அவர் தொழில். செடி அத்தைக்காக வந்தது. அத்தை அப்பாவின் அக்கா; இருபது வருடம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். குளிர் நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்ததால், இனி மலையேறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில்தான் இருந்தார். கடலைப்பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. உச்சியில், பனிக்குள் சிவப்பாகப் பூக்கும் ஒரு மரத்தைப்பற்றி மட்டும் ஓயாமல் கதைப்பார். அந்தப் பூவை இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்பதைத் தவிர எங்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

"இந்தாங்கோ மச்சாள், கதை கேட்டு என்ர காது தேஞ்சு போச்சு. மரத்தையே கொண்டந்திட்டன்."

"இது பூக்கப் பத்துப் பதினைஞ்சு வருஷம் எடுக்கும், தம்பி."

"அதுக்கென்ன? நீங்கள் எங்க போகப்போறீங்கள்?"

அத்தை செடியைப் பெரிய சட்டிக்கு மாற்றி, குளியலறைச் சுவரின் நிழலில் வைத்து, ஈரச் சாக்கும் சுற்றிவிட்டார். எங்கள் வெயிலில் அது ஒரு கிழமை தாங்காது என்று அம்மா சொன்னார். நாலு மாதம் தாங்கியது. புது இலைகளும் விட்டது.

பிறகு ஒரு காலையில் பார்த்தால், இரண்டு இலைகள் தடித்து, வீங்கி, இளஞ்சிவப்பாகத் தொங்கின. நான் பழம் என்று கத்தினேன். மாமா ஓடிவந்தார்.

"பாத்தீங்களோ மச்சாள், பூக்க முதலே காய்ச்சிட்டுது! எல்லாம் என்ர கைராசி."

"கைராசியும் மண்ணாங்கட்டியும். இது நோய். தேயிலையில கொப்புளம் போடுமே, அதின்ர சொந்தக்காரன்," என்று அத்தை இரண்டு இலைகளையும் கிள்ளிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார்.

அது ஒரு பூஞ்சை. மலையில் ஈரம் கூடும்போதெல்லாம் வரும். காட்டு மரங்கள் அதைச் சுமந்துகொண்டே பூத்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பின்னாளில் படித்து, அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எட்டு வயதில் எனக்கு விளங்கியது நோய் என்ற ஒரு சொல்தான். அத்தைக்குக் குளிரால் நோய் வந்தது, வெயிலுக்கு வந்து சுகமானது. அப்படியென்றால் செடிக்கு வெயிலால்தான் நோய் வந்திருக்கும். அதற்கு மருந்து குளிர்.

குளிர் எங்கள் ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தது. பின்னேரங்களில் மீன் இறங்குதுறையில், வள்ளங்களில் மிஞ்சிய ஐஸைக் கொட்டுவார்கள். நான் வாளியோடு போய் நின்றேன்.

"ஆருக்குப் பிள்ளை ஐஸ்?" என்று வள்ளக்காரர் ஒருவர் கேட்டார்.

"மரத்துக்குக் காய்ச்சல், அண்ணை."

"ஐயோ பாவம். அப்ப ரெண்டு கை கூடவே அள்ளு."

நாள் முழுக்கக் கடல் தண்ணீரிலும் மீன் இரத்தத்திலும் ஊறிக் கிடந்த ஐஸ் அது. அத்தை பின்னேர நித்திரையில் இருக்கும்போது அதைச் செடியின் வேரைச் சுற்றிப் புதைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சுகமான பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஒன்பது நாள் வைத்தியம் நடந்தது. முதலில் இலைகளின் ஓரம் கருகியது. உப்பு ஏறிய செடிக்கு அதுதான் முதல் அடையாளம். நான் மருந்தைக் கூட்டினேன். பத்தாம் நாள் காலையில் சட்டியில் ஒரு குச்சி நின்றது.

அம்மா குனிந்து மணந்து பார்த்தார். "மீன் மணக்குது. ஆரோ இதுக்குள்ள மீன் தண்ணி ஊத்தியிருக்கினம்," என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அத்தை சட்டிக்கு முன்னால் மெல்லக் குந்தினார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். துப்பினார். பிறகு என்னைப் பார்த்தார், கனநேரம் பார்த்தார்.

"மலைமண் அப்பிடித்தான் மணக்கும்."

"மீன் மாதிரியோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம். அங்க இருபது வருஷம் இருந்தது நானோ நீரோ? இது அந்தக் கொப்புள நோய்தான். வரேக்கையே பிடிச்சுக்கொண்டு வந்தது. ஆராலும் காப்பாத்த ஏலாது."

"தம்பியிட்டச் சொல்லி வேற ஒண்டு எடுப்பம்."

"வேண்டாம். அங்கயே பூக்கட்டும்."

எனக்குப் பெரிய நிம்மதி. செடியைக் கொன்றது நோய். நான் என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மூச்சு இழுக்க இழுக்கத் தண்ணீர் அள்ளி, என் இரண்டு கைகளையும் சவர்க்காரம் போட்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவி, மணந்தும் பார்த்தார். நோய் என்னிலும் தொற்றிவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மண்ணைத் தொட்டது அவருடைய கை. அதை விட்டுவிட்டு என் கையை ஏன் கழுவுகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.