மீன் வாடையில் மறைந்த காயம்

கிளிஞ்சல்மேட்டிலிருந்து கோவில்பத்துக்குப் போய், தெருத்தெருவாகக் கூடையில் மீன் விற்பவள் நான். முதல் பிரசவத்தில் பிறப்புறுப்பு கிழிந்ததால் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து மலத்தை அடக்க முடியவில்லை.

மாமியாரிடம் சொன்னேன். "புள்ள பெத்தா இதெல்லாம் இருக்கறதுதான். வெளில சொல்லி மானத்த வாங்காத" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு, பழந்துணி மடித்து வைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினேன். பஸ்ஸில் யாராவது மூக்கைப் பொத்தினால், மீன் வாடை என்று நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்று வருஷம்! நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

என்னிடம் மீன் வாங்கும் நர்ஸம்மாதான் ஒருநாள் கேட்டார்: "முன்னெல்லாம் உக்காந்து மீன் ஆஞ்சு சுத்தம் பண்ணிக் குடுப்பியே, இப்ப ஏன் குந்தவே மாட்டேங்குற?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரே என்னை அறுவைசிகிச்சை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"மேல் தோல மட்டும் தச்சிருக்காங்கம்மா. ஆசனவாயச் சுத்தி இருக்கற தசை கிழிஞ்சே கெடக்கு" என்றார் டாக்டர். பிரசவம் முடிந்ததும் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமாம். அதைக்கூடச் செய்யாமலா தைத்து அனுப்பினார்கள்?

ஆபரேஷன் செய்து தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். இப்போது குந்தி உட்கார்ந்து மீன் ஆய்கிறேன்.

எங்கள் ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் போய்விடுகிறேன். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தாயிடம், "வெளிக்குப் போறத அடக்க முடியுதாம்மா?" என்று கேட்கிறேன். அவளுடைய மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்கிறேன்.