பிழை வந்தால் போதும்

கிளிநொச்சியில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தைத் தொடங்கியவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர். வன்னிப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க வந்ததாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அந்த வேலை உண்மையிலேயே தேவைப்பட்டது. அப்பா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் கிடந்தார். புளியங்குளத்து வீட்டில் வேறு ஆளில்லை. பின்னேர பஸ்ஸில் வீடு போய்ச் சேரக்கூடிய வேலை எனக்கு அது ஒன்றுதான்.

என் பொறுப்பு சோதனைகள். ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் நோயாளர் பதிவு மென்பொருளில், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் பழையதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். செய்யக்கூடாததைச் செய்தால் தரவுத்தளம் மறுக்கிறதா, என்ன சொல்லி மறுக்கிறது என்பதையும் அந்தச் சோதனைகள் ஒப்பிடும். தரவுத்தளத்தின் புதிய பதிப்பு வந்தபோது, அதை உருவாக்கியவர்கள் பிழைச் செய்திகளின் வசனங்களை மாற்றிவிட்டிருந்தார்கள். மறுப்பு அதேதான், சொல்லும் விதம்தான் வேறு. சோதனை வென்றால் பச்சை, தோற்றால் சிவப்பு; எங்கள் திரை முழுக்கச் சிவப்பு.

வசனத்தை விட்டுவிட்டு, பதிப்பு மாறினாலும் மாறாத பிழை இலக்கத்தை ஒப்பிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். ஒவ்வொரு சோதனையாகத் திருத்த ஒரு கிழமையாவது பிடிக்கும். ஆனால் திங்கட்கிழமை அவருடைய வெளிநாட்டு நண்பர்கள் அலுவலகம் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திரை பச்சையாக இருக்க வேண்டுமாம். ஏதோவொரு பிழை வந்தாலே சோதனை வெற்றி என்று மாற்றச் சொன்னார்.

“சேர், அப்பிடிச் செய்தா என்ன பிழை வந்தது எண்டு தெரியாமல் போயிடும்.”

“பிழை வரவேணும் எண்டுதானே பாக்கிறம்? வந்திட்டுதல்லோ. உங்களுக்காகத்தானே இதெல்லாம் செய்யிறன், தங்கச்சி.”

வேலை கொடுத்தவர் இப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் நன்றிதான் சொல்ல வேண்டும். அவரே இருந்து மாற்றினார். நண்பர்கள் வந்தார்கள், ரோல்ஸ் சாப்பிட்டார்கள், பச்சைத் திரைக்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு என்ன ஓட்டினாலும் பச்சைதான். அனுமதியில்லாதவர் நோயாளியின் விவரத்தைத் திறக்கப் பார்த்தால், அனுமதி இல்லை என்று தரவுத்தளம் மறுக்க வேண்டும். ஒரு மாற்றத்தில் அந்தக் கட்டுப்பாடே கழன்றுபோயிருந்தது. எங்கள் சோதனையோ, பெயர் மாறிப்போன ஓர் அட்டவணையைத் தேடி, அப்படியொரு அட்டவணை இல்லை என்ற பிழையை வாங்கிக்கொண்டு பச்சை காட்டியது. கம்பனிக்காரர் தாங்களாகவே கண்டுபிடித்து, வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அலுவலகம் மூடப்பட்டது.

கடைசி நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். தான் செய்ய வேண்டியதைச் செய்தாராம்; பிள்ளைகளுக்குத்தான் அனுபவம் போதாதாம். பிறகு என் பக்கம் திரும்பி, சோதனை பார்த்த தங்கச்சி கவலைப்படக்கூடாது, பிழை விடுவது மனித இயல்பு என்றார்.

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சோறு தீத்திவிடுகிறார். நான் விட்ட பிழையை அவர் பெருந்தன்மையாக மன்னித்தாராம் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவி அப்பாவின் காதுக்கும் போய்விட்டது. போன கிழமை போனில், கோணிய வாயால் சொற்களைத் தேடித் தேடிக் கேட்டார்.

“பிள்ளை, அந்த மனுசனுக்கு நன்றி சொல்லிப்போட்டோ வந்தனி?”

“ஓமப்பா” என்றேன். உண்மையாகவே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.